இரண்டாவது பெட் ஸ்கேனுக்கு வருவதற்கு முன்

பெட்-சிடி அறையில் டெக்னாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். முற்றிய ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு இரண்டு சைக்கிள் ஏபிவிடி (நான்கு மருந்துகள் சேர்ந்த) கீமோ முடித்து அடுத்த ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கும் கூட வரும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். மிச்ச சிகிச்சை எப்படிப் போகும் என்பதை இந்த ஸ்கேன் மாற்றக்கூடும்.

ரிப்போர்ட்டில் ‘டோவில் ஸ்கோர்’ என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். கட்டி இருந்த இடம் ஊசியில் போட்ட, கதிர்வீச்சு சேர்த்த சர்க்கரை மருந்தை எவ்வளவு இழுக்கிறது என்று உங்கள் கல்லீரலோடு ஒப்பிடுகிறார்கள். கல்லீரலைத் தாண்டாவிட்டால் 3 அல்லது அதற்குக் கீழே. தாண்டினால் 4. வெகுவாகத் தாண்டினாலோ புதிய இடம் தெரிந்தாலோ 5. 2016இல் வெளியான ராத்தல் ஆய்வில், 3 வரை வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு ஏபிவிடி மருந்துகளில் நுரையீரலைக் கெடுக்கக்கூடிய ப்ளியோமைசினை மட்டும் நிறுத்தினார்கள். மூன்று ஆண்டில் நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள், அந்த மருந்தைத் தொடர்ந்தவர்களில் 85.7 சதவீதம், நிறுத்தியவர்களில் 84.4 சதவீதம். 4, 5 வந்தவர்களுக்குக் கடுமையான கீமோவுக்கு மாற்றினார்கள்.

இவ்வளவு கனமான எண் என்பதால்தான் முந்தின நாளிலிருந்தே கவனம் வேண்டும். ஜிம், ஓட்டம் வேண்டாம். உழைத்த தசையும் மருந்தை இழுக்கும். ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். காபியும் கூடாது. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின், மெட்ஃபார்மின் பற்றி முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வெள்ளணு ஏற ஊசி போட்டிருந்தால் தேதியைச் சொல்லுங்கள். அந்த ஊசியால் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும், படிக்கும் டாக்டருக்குக் காரணம் தெரிய வேண்டும்.

வீட்டில் பார்த்த எடையைச் சொல்லாமல் இங்கே எடை மெஷினில் ஏறுங்கள். ஓர் இடம் மருந்தை எவ்வளவு இழுத்தது என்று காட்டும் எஸ்யூவி என்ற அளவில் உங்கள் எடையும், உள்ளே போன மருந்தின் அளவும் நேரடியாகக் கணக்கில் சேரும். ஊசி போட்டபின் காலி சிரிஞ்சையும் நாங்கள் அளப்பது, அதில் தங்கியதைக் கழிக்கத்தான். மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், ஆகவே கடிகாரமும் முக்கியம். ஊசி போட்ட இடம் வீங்கினால், எரிந்தால் உடனே கூப்பிடுங்கள்.

பிறகு ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். குளிர்ந்தால் போர்வை கேளுங்கள், தயங்கவே தயங்காதீர்கள். குளிரில் கழுத்திலும் தோள்பட்டையிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு உடம்பைச் சூடேற்ற மருந்தை இழுத்துக்கொள்ளும். லிம்போமா கட்டிகள் பெரும்பாலும் இருப்பதும் அங்கேதான். இளவயதுக்காரர்களுக்கு இது அதிகம். ஏசியில் நடுங்கிக்கொண்டே ‘பரவாயில்லை சார்’ என்று பொறுத்துக்கொள்பவர்களும் அவர்களே.

முடிந்தவரை முதல் ஸ்கேன் எடுத்த அதே மெஷினுக்கு வாருங்கள். முடியாவிட்டால் ஃபிலிம் போதாது, பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி டிஸ்கைக் கொண்டுவாருங்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் ரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள், கல்லீரலின் எஸ்யூவி ஆகியவை எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எங்களிடமே கேட்டு வாங்கலாம். 4 என்று வந்தால் பதறாமல், தொற்று, அழற்சி ஏதும் இருக்குமா, பயாப்சி தேவையா என்று கீமோ டாக்டரிடம் கேளுங்கள்.