காட்டில் கூடாரம் அடிக்க இடம் பார்ப்பது எப்படி?

காட்டில் இரவு தங்குவதற்கான இடத்தை, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே தேடத் தொடங்கிவிட வேண்டும். களைத்துப்போய் மங்கிய வெளிச்சத்தில் தேடுபவர், கண்ணில் பட்ட முதல் சமதரையிலேயே மூட்டையை இறக்கிவிடுவார். அந்தத் தரை ஏன் அவ்வளவு சமமாக இருக்கிறது என்று யோசிக்க மாட்டார்.

பல இடங்களில் அதைச் சமமாக்கியது தண்ணீர்தான். வறண்ட ஓடையின் மணல் படுப்பதற்கு மெத்தென்று இருக்கும். ஆனால் நம் தலைமேல் ஒரு துளிகூட விழாத இரவிலும், பல கிலோமீட்டருக்கு அப்பால் மேட்டில் பெய்த மழை அங்கே வெள்ளமாகப் பாய்ந்து வரக்கூடும். ஆகவே கரையோரப் புதர்களை உற்றுப் பார்க்க வேண்டும். கிளைகளின் ஒரே பக்கத்தில் காய்ந்த புல்லும் சுள்ளியும் சேறும் அப்பிக்கொண்டிருந்தால், முன்பு வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த மட்டத்துக்கு நன்கு மேலே, நீர்க்கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளியே தங்க வேண்டும். அந்த இடைவெளி நம் பாதுகாப்புக்கு மட்டுமன்று. இரவில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளின் வழியை மறிக்க நமக்கு உரிமையில்லை.

அடுத்து, அண்ணாந்து பார்க்க வேண்டும். பட்டுப்போன மரமும், முறிந்து மேலே சிக்கித் தொங்கும் கிளையும் காற்றே இல்லாத நேரத்திலும் விழலாம். அப்படி ஏதேனும் தென்பட்டால், மற்ற வகையில் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் அதை விட்டுவிடுவதே சரி. தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியும் மலைமுகடும் மின்னலுக்கு இலக்காகும். பள்ளத்தாக்கின் அடிவாரமோ வேறு விதத்தில் தொல்லை தரும்: குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிந்து வந்து அங்கே தேங்கும், விடியும்போது கூடாரத்தின் உட்புறம் நீர் கோத்திருக்கும். முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட, காற்றுக்கு மறைவான திட்டே பெரும்பாலும் ஏற்றது.

இடம் பிடித்துவிட்டால், கூடாரத்தை விரிக்குமுன் வெறுந்தரையில் ஒருமுறை படுத்துப் பார்க்கவும். கண்ணுக்குத் தெரியாத கல்லும் வேரும் சரிவும் முதுகுக்குத் தெரிந்துவிடும். மழைநீர் வடிய இலேசான சரிவு நல்லதே. தலையை மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டால் போதும். எறும்புப் புற்று, தேய்ந்த விலங்குத் தடம், புதிய சாணம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நகர்ந்துவிட வேண்டும். பசுஞ்செடிகளை நசுக்காமல் சரளையிலோ காய்ந்த புல்லிலோ கூடாரத்தை அடித்து, வாசலைக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைக்கவும். சமையலையும் உணவுப் பொருள்களையும், வாசனை கூடாரத்தின் பக்கம் அடிக்காதவாறு, காற்று போகும் திசையில் தொலைவாக வைத்துக்கொள்ள வேண்டும்.