மேட்டு லயத்திலிருந்து யார் பார்த்திருக்க முடியும்? மலையகத்தில் மர்மப் படத்துக்கு இடம் பார்க்கும் முறை

மர்மப் படம் பார்க்கிறவர் கதாபாத்திரங்களைவிடக் கூர்மையாகத் துப்புத் துலக்குவார். "அந்த ஜன்னலில் நின்றவளுக்கு இந்தப் படிக்கட்டு எப்படித் தெரிந்தது?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை அழகான தேயிலை மலையைக் காட்டினாலும் பலனில்லை. ஆகவே இடம் பார்க்கப் போகும்போது காட்சி அழகைக் கடைசியில் வையுங்கள். யாருக்கு யார் தெரிவார் என்பதே முதல் கேள்வி.

சரிவு நிலம் இதற்கு நன்றாக உதவும். லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். மேட்டு லயத்து இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) நிற்பவருக்குக் கீழேயுள்ள பணிய லயத்தின் கூரை, வாசல், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை எல்லாம் தெரியும். பணிய லயத்துக்காரர் அண்ணாந்தால் பெரும்பாலும் கற்சுவரும் மேல்வாசல் ஓரமும்தான் தெரியும். சாட்சியை மேலே குடிவைப்பதா, சந்தேகத்துக்குரியவரை மேலே வைப்பதா என்பதைக் கதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள்.

எந்தக் குடியிருப்பு என்பதும் கதையைப் பொறுத்தது. பழைய லயத்தில் ஒரே கூரை, பொதுச்சுவர், ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி காம்பரா (அறை). இருமினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அதனால் ரகசியம் காக்க முடியாத கதைக்கு அதுவே சரி. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வந்த தனிவீடுகள் 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி, வரிசையாக ஒரே அச்சு. இருட்டில் வீடு மாறிக் கதவு தட்டும் கதைக்கு இதைவிட நல்ல தெரு கிடைக்காது. தோட்டத்துரை பங்களாவைப் பலரும் தேடிப் போகிறார்கள், ஆனால் பாதி மர்மம் அங்கே வேலியோடு நின்றுவிடும்.

இடம் பிடித்ததும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒருவர் ஜன்னலில் கண் மட்டத்தில் நிற்கட்டும். இன்னொருவர் குறுக்குப் பாதையில் மெதுவாக இறங்கிப் போகட்டும். அவர் முகம் அடையாளம் தெரியாமல் போகும் இடத்தில் ஒரு கல், ஆளே மறையும் இடத்தில் இன்னொரு கல். அதே சோதனையை இரவு ஏழு மணிக்கு டோர்ச்சுடன் ஒருமுறை, பனிமூட்டத்தில் ஒருமுறை செய்தால் கற்கள் வெகுவாக நகர்ந்திருக்கும். மூன்று சோதனையிலும் கல் வைத்த தூரங்களைக் காலடியால் அளந்து, கைபேசித் திசைகாட்டியில் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறித்து, ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வசனம் எழுதுகிறவர் கையில் இந்தத் தாள் இருக்க வேண்டும்.

வெளிப்புறம் ஓரிடம், உள்ளறை வேறிடம் என்று எடுப்பது தவறில்லை. 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்தில் தாய்லாந்துப் பாலமாக நின்றது கித்துல்கலையில் களனி கங்கைமேல் கட்டிய பாலம். மாட்டிக்கொள்வது சின்ன விஷயங்களில்தான்: கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, படி எத்தனை, வெயில் எந்தக் கன்னத்தில் விழுகிறது. முதல் இடத்தில் கதவை முழுதாகத் திறந்து படம் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தே இரண்டாவதைத் தேடுங்கள்.

வானிலை அதைவிடப் பெரிய வில்லன். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள ரயில் சுரங்கத்தின் ஒரு வாயில் மழை, மறுவாயில் வெயில் என்பது அந்தப் பாதையில் போய் வருகிறவர்களுக்குத் தெரிந்த கதை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் கொட்டும். அதே காலத்தில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். ஆண்டின் முடிவில் வடகீழ் பருவம் வந்தால் பண்டாரவளை, வெலிமடை இருக்கும் ஊவாவுக்கு மழை. எனவே ஜூலையில் ஹட்டன் தெருவையும் பண்டாரவளை வீட்டையும் ஒரே இரவாக ஒட்டப் பார்க்காதீர்கள். இரண்டு இடமும் மலையின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

புதியவர்கள் ஏமாறுவது தேயிலையில். ஏறத்தாழ வாரத்துக்கொரு முறை கொழுந்து பறிப்பார்கள். பறித்ததும் இளம்பச்சை போய்க் கரும்பச்சை தெரியும். திங்கள் எடுத்த காட்சியும் வியாழன் எடுத்ததும் ஒட்டாது. செடியைக் கட்டையாக நறுக்கும் கவ்வாத்து வெட்டினால் இன்னும் மோசம். இடம் பார்த்தபோது பச்சையாக இருந்த மலை, படப்பிடிப்பு நாளில் வெறும் குச்சிக்காடாக நிற்கும். பழைய பச்சை திரும்ப மாதக்கணக்காகும். அந்த மலையில் பறிப்பு எந்த நாள், கவ்வாத்து எப்போது, மருந்தடிப்பு எப்போது என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பனிமூட்டம் இறங்கினால் முதலில் தூரக் காட்சிகளை எடுத்துவிடுங்கள். அது கலைந்த பிறகும் முகக் காட்சிகளைச் சுவரோரம் வைத்து முடிக்கலாம். அந்தி வெளிச்சத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். நம் அகலாங்கில் சூரியன் மறைந்து 20 நிமிடம் சொச்சத்தில் இருட்டிவிடும், அதோடு மேற்கே மலை நின்றால் வெயில் அதற்கும் முன்பே போய்விடும். ஓர் அந்திக்கு ஒரு காட்சிதான்.

காம்பராவுக்குள் 50 மி.மீ. லென்ஸ் உதவாது. முழுச்சட்டக் (full-frame) கெமராவில் 10 அடி தள்ளி நின்றால் 7 அடி அகலம்தான் விழும், 24 மி.மீ. போட்டால் 15 அடி. அடுப்புப் புகை படிந்த சுவர் வெளிச்சத்தைக் குடிக்கும் என்பதால் ஆட்கள் விளக்கைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். பழைய வயரிங்கில் 1000 வோட் ஹலஜன் தொங்கவிடாமல் சிறிய எல்.ஈ.டி. விளக்குகளோடு நிறுத்துங்கள். வெளிக்குளிரிலிருந்து அடுப்படிக்குள் வந்ததும் லென்ஸில் நீர் படியும். கெமராவைப் பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனப்பதிவு முடிந்தது. பாண் ஓட்டோவின் இசை, கோயில் ஒலிபெருக்கி, ரயில் ஊதல் ஆகியவற்றின் நேரத்தை முதல் நாளே குறித்துவையுங்கள்.

அனுமதிக்கு, தோட்ட முகாமையாளரின் கடிதம் மட்டும் போதாது. தோட்டத் தலைவரிடமும் லயத்து வீட்டாரிடமும் தனித்தனியே பேசுங்கள். இரவுக் காட்சி என்றால் திகதியோடு பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் போலிக் கத்தியைப் பார்த்து யாராவது உண்மையாகவே அழைத்துவிடுவார்கள். ரயில் பாதைக்கு ரயில்வே திணைக்களமும் ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையும் அனுமதி தர வேண்டும்.

கொலை நடந்த வீடாகக் காட்டும் வீட்டில், நீங்கள் போன பிறகும் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும். கதவு இலக்கத்தை மறைத்து வேறு இலக்கம் ஒட்டுங்கள். பிள்ளைகளின் படத்தையும் சாமி படத்தையும் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுங்கள். படத்தின் முடிவில் மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள், லயத்தின் பெயர் வேண்டாம்.