ஈர்க்கும் நெட்டியும் கொண்டு ஓர் ஆஸ்டர்

என் தாத்தா இரண்டாம் உலகப் போருக்குப் போனவர். துப்பாக்கி பிடிக்கவில்லை. பயனியர் படையில் மண்வெட்டி பிடித்தார். திருவிடைமருதூர்ப் பக்கம் வரப்பு வெட்டிப் பழகிய கை, பர்மாவிலும் அதே வேலையைத்தான் செய்தது. அறுவடை முடிந்த வயலில் வரப்பை வெட்டிச் சரித்து, பள்ளத்தை மேவி, மிதித்துச் சமன் செய்வார்கள். மறுநாள் அதில் சின்ன விமானம் வந்து இறங்கும். "துணி போட்ட ஏரோப்ளேன்டா. விரலால தட்டினா தவில் மாதிரி டம்முனு சொல்லும்" என்பார். பெயர் அவருக்குத் தெரியாது. தலைக்கு மேலே இறக்கை, இரண்டு பக்கமும் கவட்டை மாதிரி முட்டுக்கம்பு, சுற்றிலும் கண்ணாடி, உள்ளே பீரங்கிப் படை அதிகாரி என்று அவர் சொன்ன அடையாளமெல்லாம் ஆஸ்டர் விமானத்துக்குப் பொருந்துகிறது.

கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த விமானத்தை இதுவரை மூன்று முறை செய்திருக்கிறேன், மூன்றாவதுதான் சரியாக வந்தது. அதைச் செய்த முறையை இங்கே எழுதுகிறேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிட் தேவையில்லை. தென்னை ஈர்க்கு, நெட்டி, பட்டக் காகிதம் இருந்தால் போதும்.

முதலில் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆஸ்டரைச் செய்தது இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் இருந்த டெய்லர்கிராஃப்ட் கம்பெனி. ஆஸ்டர் என்றால் லத்தீனில் தென்காற்று, நம் மொழியில் தென்றல். சண்டை போடுவது இதன் வேலை இல்லை. தாழப் பறந்து எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து, குண்டு எங்கே விழுகிறது, எவ்வளவு தள்ளி அடிக்க வேண்டும் என்பதை ரேடியோவில் பீரங்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அதனால் ஓட்டுகிறவரே பீரங்கிப் படை அதிகாரியாக இருப்பார். பர்மா போர்முனையில் பிரிட்டிஷ் விமானப் படையின் 656-ஆம் ஸ்குவாட்ரன் இதை வைத்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1947-48 காஷ்மீர் போரில் நம் படையும் இதைப் பறக்கவிட்டது.

நான் செய்தது ஐந்தாம் வகை, மார்க் 5. இறக்கை முனையிலிருந்து முனை வரை 36 அடி, நீளம் 22 அடி 5 அங்குலம், உயரம் 8 அடி, எஞ்சின் 130 குதிரைத்திறன். இதை 1:24 அளவில் செய்யுங்கள். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு சுலபமாக வரும். இறக்கை 18 அங்குலம், அதாவது 457 மில்லிமீட்டர். நீளம் பதினொன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் 4 அங்குலம். டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கிற அளவுதான்.

செய்யத் தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நிஜ ஆஸ்டரின் உடல் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு, அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்தியிருப்பார்கள். வெயில் சாய்வாக விழும்போது துணிக்கு உள்ளே இருக்கும் எலும்பு வரிவரியாகத் தெரியும். இந்த விமானத்தின் அழகே அதுதான். நான் முதல் தடவை நெட்டியைக் கட்டியாகச் செதுக்கி, ஜன்னலுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தேன். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் உயிர் இல்லை. எலும்புக்கூடு முதலில், தோல் பிறகு. நிஜ விமானத்தை எந்த வரிசையில் கட்டினார்களோ அதே வரிசையில் நாமும் கட்ட வேண்டும்.

வரைபடம். மேல், பக்கம், முன் என்று மூன்று பார்வையும் உள்ள படம் வேண்டும். பெரும்பாலும் 1:72 அளவில்தான் கிடைக்கும். அதை 1:24 ஆக்க மூன்று மடங்கு பெருக்க வேண்டும். முதலில் 200 சதவீதம், வந்த நகலை மறுபடி 150 சதவீதம். தொழில் செய்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: ஜெராக்ஸ் மெஷின் தாளை இழுக்கும் திசையில் படத்தைக் கொஞ்சம் நீட்டிவிடும். இரண்டு முறை பெருக்கினால் அந்தப் பிசகும் சேர்ந்துகொண்டே போகும். எல்லாப் படத்தையும் ஒரே திசையில் வைத்து எடுங்கள், எடுத்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். முழு இறக்கை ஏ3 தாளில் அடங்காது, பாதி இறக்கை போதும். மறுபாதிக்கு அதே தாளின் பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவினால் கோடு தெளிவாகத் தெரியும், அப்படியே திருப்பிப் போட்டு அதன்மேல் கட்டலாம்.

உடல். ஓர் அங்குலக் குழாய் நம் அளவில் ஒரு மில்லிமீட்டர் கனம். தென்னை ஈர்க்கின் நடுப்பகுதியைச் சுரண்டினால் அந்தக் கனம் வந்துவிடும். பச்சை மட்டையில் எடுத்த ஈர்க்கு வேண்டாம், காய்ந்ததும் சுருண்டு கூட்டையே கோணலாக்கிவிடும். தானாகப் பழுத்து விழுந்த மட்டையில் எடுத்து, ஒரு வாரம் பரண்மேல் போட்டு வையுங்கள். ஒவ்வோர் ஈர்க்குக்கும் ஒரு வளைவு உண்டு. மேசைமேல் உருட்டிப் பார்த்து ஒரே மாதிரி வளைகிறவற்றை ஜோடி சேர்த்து, இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். தடித்த முனை மூக்குப் பக்கம், மெல்லிய முனை வால் பக்கம்.

வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, மேலே பாலித்தீன் தாள் விரித்து, குண்டூசிகளுக்கு நடுவே ஈர்க்கைப் படுக்க வையுங்கள். ஊசியை ஈர்க்கில் குத்தாதீர்கள், பிளந்துவிடும். இரண்டு பக்கமும் நிறுத்தி அணைத்தால் போதும். ஒரு பக்கக் கூட்டை முடித்து, பிரிக்காமல் அதன்மேலேயே மறுபக்கத்தைக் கட்டுங்கள், இடையில் ஒரு பாலித்தீன் துண்டு. அப்போதுதான் இரண்டும் ஒரே அளவில் வரும். பிறகு இரண்டையும் நிமிர்த்தி, குறுக்குக் கட்டைகள் வைத்துப் பெட்டியாக்குங்கள். மூட்டுக்கு ஒரு சொட்டு ஃபெவிக்விக், அது பிடித்ததும் மேலே ஃபெவிக்கால். வாலில் இரண்டு பக்கமும் சேரும் இடத்தை அவசரமாக ஒட்டிவிடாதீர்கள். மேலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு, மூக்கின் நடுவும் வாலின் நடுவும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். இங்கே ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் கடைசிவரை கண்ணை உறுத்தும்.

இறக்கை. இங்கேதான் நெட்டி. ஏரி குளங்களில் வளரும் செடியின் தண்டைத் தோல் சீவி எடுக்கும் வெள்ளைச் சோறு அது. அதில் பெரிய கோயிலையே செய்துவிடுகிற கைவினைஞர்கள் நம் ஊர்ப் பக்கம் இருக்கிறார்கள். எனக்கு நெட்டி அறுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அப்படி ஒரு பெரியவர். நான் முதல் துண்டை அறுத்தபோது ஓரமெல்லாம் பொரிப்பொரியாக உதிர்ந்தது.

"அழுத்துறீங்க தம்பி" என்றார்.

"அழுத்தாம எப்படிண்ணே அறுபடும்?"

"கத்திய இழுங்க, அது போகும். கத்திதான் போகணும், கை போகக் கூடாது."

அவர் கத்தியை நெட்டிமேல் வைத்து, வயலினில் வில் போடுவது போலக்கூட இல்லை, வெறுமனே தன் பக்கம் இழுத்தார். காகிதம் போல ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. வெட்டிய முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நான் புது ஷேவிங் பிளேடைப் பாதியாக உடைத்து வைத்துக்கொள்கிறேன். நாலு வெட்டுக்கு ஒரு பாதி, முனை மழுங்கினதும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஆஸ்டரின் இறக்கைப் பரப்பு 184 சதுர அடி. 36-ஆல் வகுத்தால் அகலம் சராசரியாக ஐந்து அடிக்குக் கொஞ்சம் மேல், நம் அளவில் 65 மில்லிமீட்டர். முனை வளைவைத் தவிர இறக்கை முழுக்க ஒரே அகலம் என்பதால், இறக்கைக்கு உருவம் கொடுக்கும் குறுக்குச் சட்டங்களான விலாக்கள் எல்லாம் ஒரே அளவு. குளிர்பான டின்னை வெட்டி ஒரு விலாவுக்கு அச்சு செய்துகொள்ளுங்கள். நெட்டியை நீளவாக்கில் இரண்டு மில்லிமீட்டர் தகடாகச் சீவி, அச்சை மேலே வைத்துச் சுற்றிலும் இழுத்து வெட்டுங்கள். விலாவின் உயரம் ஏழெட்டு மில்லிமீட்டர்தான், நகம் பட்டாலே பள்ளம் விழும். வெட்டியதை விரலால் எடுக்காமல் ஊசி முனையால் எடுத்து வையுங்கள். எத்தனை விலா, எவ்வளவு இடைவெளி என்பதைப் படத்திலேயே எண்ணிக்கொள்ளலாம்.

இறக்கையின் நீளத்துக்கு ஓடும் இரண்டு கட்டைகளுக்கும் மூங்கிலைச் சீவிக்கொள்ளுங்கள். முன்விளிம்புக்கு எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி கச்சிதமாக அமையும். நெட்டியும் மூங்கிலும் சேரும் இடத்தில் ஃபெவிக்விக் வேண்டாம். நெட்டி அதைக் குடித்துக் கல்லாகிவிடும், பிறகு தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஃபெவிக்காலை ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும்.

மூக்கு நிஜத்தில் உலோகத் தகடு, அதனால் அது மட்டும் மழமழவென்று இருக்க வேண்டும். நெட்டிக் கட்டையில் செதுக்கி, சுவருக்குப் பூசும் வால் புட்டியைத் தண்ணீராகக் கரைத்து மூன்று பூச்சு பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே மெல்லிய உப்புத்தாளில் தேயுங்கள்.

ஜன்னல். பார்ப்பதற்காகவே பிறந்த விமானம் இது, ஜன்னலில் குறை வைத்தால் எல்லாம் போயிற்று. நாலாம் ஐந்தாம் வகைகளில் பின்பக்கமும் திரும்பிப் பார்க்கும்படி கண்ணாடி வைத்தார்கள். ஸ்பைரல் பைண்டிங்குக்கு அட்டையாகப் போடும் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டிக்கொள்ளுங்கள். இதை ஒட்ட ஃபெவிக்விக்கை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகை படியும். இரண்டாவது விமானத்தை அப்படித்தான் இழந்தேன். ஃபெவிக்கால் காய்ந்தால் தெளிவாகிவிடும், அதுவே போதும். கண்ணாடி ஒட்டுமுன் உள்வேலையை முடித்துவிடுங்கள்: அட்டையில் இருக்கைகள், ரேடியோவுக்கு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, ஓட்டுகிறவர் இருக்கையில் மடித்த வரைபடம் ஒன்று. ஏதாவது ஒரு வரைபடத்தை ஜெராக்ஸில் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கினால் அதில் ஆறுகூடத் தெரியும்.

தோல். பட்டத்துக்குப் போடும் மெல்லிய காகிதம். தண்ணீர் கலந்த ஃபெவிக்காலைக் கூட்டின் ஓரங்களில் தடவி, காகிதத்தைச் சுருக்கமில்லாமல் படிய வையுங்கள். கொஞ்சம் தொய்வாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சலூன்காரர் வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரைப் பனி மாதிரி அடியுங்கள். நனைந்ததும் காகிதம் தொங்கிப்போகும், பார்க்கவே பயமாக இருக்கும். தொடாமல் விடுங்கள். காயக் காய, தவிலுக்கு வார் இழுத்துப் பிடித்த மாதிரி விறைத்துக்கொண்டு வரும். அந்த இழுப்பில் இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, பலகையில் நாலு மூலையும் ஊசியால் அணைத்தே காயவிட வேண்டும். அப்புறம் மர வேலைக்கு அடிக்கும் என்.சி. லேக்கரைத் தின்னருடன் சரிபாதி கலந்து இரண்டு பூச்சு. நிஜ விமானத்திலும் துணியின்மேல் இதே குடும்பத்து மருந்தைத்தான் பூசி விறைக்க வைத்தார்கள். விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தாத்தா சொன்ன சத்தம் சின்னதாகக் கேட்கும்.

இந்தக் கட்டத்துக்குக் காலம் முக்கியம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் லேக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும். மார்கழியிலும் விடியற்காலைப் பனி இருக்கும். மாசி பங்குனியில், காலை பத்து மணிக்கு மேல், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அடியுங்கள். தின்னர் வாடை தலையைச் சுற்ற வைக்கும், அடுப்பு பக்கத்தில் இருக்கவே கூடாது.

சக்கரக் கால்களுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி, சக்கரத்துக்கு நாம் சின்ன வயதில் வண்டி செய்த அதே ரப்பர் செருப்பு. கம்பி மூட்டுக்கு மட்டும் அரால்டைட். முட்டுக்கம்புகளுக்கு மூங்கில். காற்றைக் கிழிக்கிற மாதிரி முன்பக்கம் உருட்டி, பின்பக்கம் கூராகச் சீவுங்கள். ப்ரொப்பெல்லர் இரண்டு இதழ், ஐஸ்க்ரீம் குச்சியில் செதுக்கலாம்.

வண்ணம். மேலே மண்ணின் கபிலமும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக. அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து அடியுங்கள், கெட்டியாக அடித்தால் எலும்பு வரி மறைந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண். அக்ரிலிக்கின் மேல் மறுபடி லேக்கர் போகக் கூடாது, தின்னர் வண்ணத்தைக் கிளப்பிவிடும். சின்னத்தில் பலர் தப்பு செய்கிறார்கள். பிரிட்டிஷ் விமானம் என்றதும் நடுவில் சிவப்பு வட்டம் வைத்துவிடுவார்கள். பர்மா போர்முனையில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள், ஜப்பான்காரர்களின் சின்னம் சிவப்பு வட்டம் என்பதால், சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதே. அங்கே பறந்தவற்றுக்கு வெளியே கருநீலம், நடுவில் வெளிர்நீலம், அவ்வளவுதான்.

கடைசியாக அடித்தளம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளைவுட் பலகை. வாய்க்கால் வண்டலைக் காயவைத்து, வேட்டித் துணியில் சலித்து, ஃபெவிக்கால் தண்ணீரில் பிசைந்து அப்புங்கள். ஈரமாக இருக்கும்போதே வைக்கோல் தாளை ஐந்து மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி வரிசையாக நட்டால் அறுத்த தாள் மாதிரியே இருக்கும். பலகையின் குறுக்கே விரல் கனத்துக்கு ஒரு வரப்பு போடுங்கள், பிறகு நடுவில் சக்கரங்கள் தாராளமாகப் போகிற அகலத்துக்கு வெட்டி எடுங்கள். வெட்டிய முகம் ஈரமாக, கொஞ்சம் கறுப்பாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் விமானத்தை நிறுத்தி, அதே வண்டலைப் பழைய டூத் பிரஷில் தொட்டு, கட்டைவிரலால் நெருடிச் சக்கரத்தின்மேல் தெறிக்க விடுங்கள். ஒரு மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வையுங்கள், பிடிக்கு ஈர்க்கு, இலைக்கு அதே குளிர்பான டின்.