பள்ளி ஹாக்கி அணியில் சேர்வதும் அதன் பயனை முழுமையாகப் பெறுவதும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையை ஹாக்கி அணிக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோர், பெரும்பாலும் சான்றிதழையும் விளையாட்டு ஒதுக்கீட்டையும் மனத்தில் வைத்தே கேட்கின்றனர். அதில் தவறில்லை. ஆயினும் சான்றிதழ் என்றோ ஒருநாள் கைக்கு வருவது. அன்றாடம் கிடைக்கும் பயனோ ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்து, பள்ளியில் மட்டைகள் உள்ளனவா, பயிற்சி காலையிலா மாலையிலா என்று கேட்டறிய வேண்டும். தொடக்கத்தில் பள்ளி மட்டையே போதும். சொந்தமாக வாங்கும்போது, தரையில் நிறுத்தினால் ஏறத்தாழ இடுப்பெலும்பு உயரம் வரும் மட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கணுக்கால் முதல் முழங்கால் வரை காக்கும் ஷின் கார்டு, பற்களைக் காக்கும் மவுத் கார்டு ஆகிய இரண்டையும் முதல் வாரமே வாங்கிவிட வேண்டும். பந்தின் எடை 156 முதல் 163 கிராம்தான் என்றாலும் அது கல்லைப் போல் கடினமானது.

மட்டையின் உருண்டையான பின்புறத்தால் பந்தைத் தொடக்கூடாது. இடக்கைப் பழக்கமுள்ளவருக்கெனத் தனி மட்டையும் கிடையாது. மேலே இருக்கும் இடது கை மட்டையைத் திருப்ப, கீழே இருக்கும் வலது கை அதைத் தாங்க, முழங்காலை மடக்கித் தாழ்ந்து ஓடிக்கொண்டே தலையை நிமிர்த்திச் சக ஆட்டக்காரரைத் தேட வேண்டும். இதனால் தொடையும் இடுப்பும் வலுப்பெறுவதோடு, கண்ணும் கையும் ஒன்றாக இயங்கப் பழகுகின்றன. முதல் மாதத்தில் இடுப்பு வலிக்கும். முதுகை வளைத்து ஆடுவதே அதற்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், முழங்காலை மடக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம் பகுதிப் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் கலந்தவை. அங்கே பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாததால், ஸ்டாப்பிங், அதாவது வரும் பந்தை மட்டையால் நிறுத்துதல், பழகும் பிள்ளை மிகக் கூர்ந்த கவனத்தைப் பெறுகிறது. இதை நான் குறையாகக் கருதுவதில்லை. ஆனால் அதே பிள்ளை முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் இறங்கும்போது பந்தின் வேகத்தில் திகைத்துவிடும். எனவே சிமெண்ட் தளத்தில் பந்தை வேகமாகத் தள்ளி நிறுத்தும் பயிற்சியையும் வாரம் ஓரிருமுறை செய்வது நல்லது.

ஆடுகளத்தில் ஓர் அணிக்கு 11 பேர் இருப்பார்கள். மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். ஆகவே வெளியே அமர்ந்திருப்பவரும் ஆட்டத்தைக் கவனித்தபடி ஆயத்தமாக இருந்தாக வேண்டும். விதிமீறலுக்காக நடுவரிடம் பச்சை அட்டை வாங்கியவர் 2 நிமிடமும், மஞ்சள் அட்டை வாங்கியவர் குறைந்தது 5 நிமிடமும் வெளியே உட்கார வேண்டும். அந்நேரம் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். தன் கோபத்துக்கான விலையைத் தோழர்கள் கொடுப்பதைக் கண்முன் பார்க்கும் பிள்ளையிடம், அடக்கத்தைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

காலையில் கேழ்வரகுக் கூழும், பயிற்சி முடிந்ததும் வேகவைத்த நிலக்கடலையும் முட்டையும் கொடுத்தாலே போதும். விலை உயர்ந்த சத்துமாவு டப்பாக்கள் தேவையில்லை. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வை முன்னிட்டு விளையாட்டை அடியோடு நிறுத்துவதைவிட, பயிற்சி நாட்களைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இனிச் சான்றிதழைப் பார்ப்போம். பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகளில், அக்கம்பக்கப் பள்ளிகள் சேர்ந்த குறுவட்டத்தில் தொடங்கி மாநில அளவு வரை செல்கின்றன. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களும், அரசு வேலையில் 3 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. எனினும் குறுவட்டச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை எதிர்பார்த்தல் கூடாது. எந்த நிலைச் சான்றிதழாயினும், பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அதை வாங்கும் இடத்திலேயே சரிபார்க்க வேண்டும். அங்கே சில நிமிடங்களில் திருத்தக்கூடிய பிழைக்காக, மூன்றாண்டு கழித்துப் பல நாட்கள் அலைய நேரிடும்.