பல கியூ, ஒரே கன்ஸ்யூமர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன வாரம் தன் நிரலைக் காட்டினார். ஒரே கனெக்‌ஷன், ஒரே சேனல் (கனெக்‌ஷனுக்குள் ஓடும் தனித் தடம்), அதில் மூன்று கியூ (மெசேஜ்கள் வரிசையில் காத்திருக்கும் இடம்), அவற்றிலிருந்து மெசேஜ் எடுத்துக் கையாளும் ஒரே கன்ஸ்யூமர். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதியதும் கிட்டத்தட்ட வரிக்கு வரி இதுவேதான். கியூ பெயரில் எழுத்துப்பிழை, தவறான பாஸ்வேர்டு எல்லாம் முதல் ஓட்டத்திலேயே பல்லிளித்துவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ப்ரீஃபெட்ச் வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே சேனலில் கட்டுவது

ராபிட்எம்கியூ என்ற மெசேஜ் புரோக்கரில் (மெசேஜ்களை வாங்கி வைத்துக் கொடுக்கும் சர்வர்) என் மூன்று கியூக்கள்: ஆர்டர், ரத்து, அறிக்கை. அறிக்கை மெசேஜ் ஒவ்வொன்றும் ஒரு வெளிச் சேவையைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு நாள் அந்தச் சேவை மந்தமானது. ஆர்டர்கள் நின்றுபோயின. நிர்வாகத் திரையைத் திறந்தால், ஆர்டர் கியூவில் ‘ரெடி’ (கொடுக்கக் காத்திருப்பவை) 0. சரி, கியூ காலி, கோளாறு வேறெங்கோ என்று இரண்டு மணி நேரம் டேட்டாபேஸைக் குடைந்தேன். பக்கத்துக் கட்டத்தில் ‘அன்அக்டு’ (கொடுத்தும் ‘முடிந்தது’ என்ற அக் இன்னும் வராதவை) எண் ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது கண்ணில் படவே இல்லை.

ப்ரீஃபெட்ச் என்பது அக் போகாத மெசேஜ்கள் ஒரே சமயத்தில் எத்தனை கன்ஸ்யூமரிடம் இருக்கலாம் என்ற எண். அதைச் சொல்லாவிட்டால் புரோக்கர் வரம்பில்லாமல் அள்ளிக் கொடுக்கும். அப்படி வந்தவை எல்லாம் என் நிரலின் நினைவகத்தில் குவிந்துவிட்டன. ஜாவா கிளையன்டில் ஒரு சேனலுக்கு வருபவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கையாளப்படும். அறிக்கை ஒன்று பதிலுக்காக நின்றால், பின்னால் ஆர்டரும் நிற்கும். ஆள் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு கன்ஸ்யூமர்களைக் கிளப்பினேன். குவிந்தவற்றில் ஒன்றுகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் முதல் ஆளின் மடியில். கடைசியில் ரீஸ்டார்ட். அக் போகாத அத்தனையும் கியூவுக்குத் திரும்பின. நூறு நூறாகச் சேர்த்து அக் அனுப்பும் புத்திசாலித்தனம் வேறு செய்திருந்தேனா, முடிந்துபோன ஆர்டர்களும் இரண்டாம் முறை ஓடின.

கியூவுக்கு ஒரு சேனல் கொடுங்கள். மந்தமான வேலைக்கு ப்ரீஃபெட்ச் 1-இல் தொடங்குங்கள். வேகமானதற்கு அளந்து பார்த்து ஏற்றலாம். இதிலும் ஒரு பள்ளம் உண்டு: கன்ஸ்யூம் அழைப்புக்கு முன்பே அந்த எண்ணை வைக்க வேண்டும். பிறகு வைத்தால் ஏற்கெனவே ஓடும் கன்ஸ்யூமரை அது தொடாது, பிழையும் காட்டாது. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அதில்தான். ஆக்டிவ்எம்கியூ கிளாசிக் என்ற இன்னொரு புரோக்கரில் எதுவும் சொல்லாவிட்டால் கியூவுக்கு ப்ரீஃபெட்ச் 1000. மந்த வேலைக்கு அதுவும் கூடுதல்தான்.

ஆட்டோ அக்

மெசேஜை அனுப்பியதுமே, வேலை முடியும் முன்பே, முடிந்ததாகக் கணக்கு வைப்பது இது. பணம் சம்பந்தப்பட்ட கியூவில் வேண்டாம்.

பிழை வந்தால் அப்படியே திருப்பிப் போடுவது

உடைந்த ஜேசன் (மெசேஜிலுள்ள தரவின் வடிவம்) மறுபடி வந்தாலும் உடைந்த ஜேசன்தான். திருப்பியதை ராபிட்எம்கியூ முடிந்தவரை பழைய இடத்திலேயே வைக்கும் என்பதால், அது கியூவின் தலைமாட்டிலேயே சுற்றிச் சுற்றி வரும். ராபிட்எம்கியூவின் பழைய வகையான கிளாசிக் கியூவில் இதற்கு வரம்பே கிடையாது. பல சர்வர்களில் பிரதி வைக்கும் குவோரம் கியூவில், ராபிட்எம்கியூ 4.0 முதல் இயல்பாகவே 20 முறை என்ற வரம்பு உண்டு. ஆனால் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் (கைவிட்ட மெசேஜ்களைத் தனியே அனுப்பிவைக்கும் வழி) அமைக்காதிருந்தால், வரம்பைத் தாண்டியது சத்தமில்லாமல் காணாமல் போய்விடும்.

கேமலில் ஒரே ரூட்டுக்குப் பல ஃப்ரம்

கேமல் என்பது மெசேஜ்களை வழிநடத்தும் ஜாவா நூலகம்; அதில் ‘ஃப்ரம்’ என்பது ஒரு ரூட்டுக்குள் (மெசேஜ் போகும் வழி) மெசேஜ் நுழையும் வாசல். ஒரே ரூட்டுக்குப் பல ஃப்ரம் வைக்கும் வசதியை கேமல் 3 தூக்கியேவிட்டது. நல்ல காரியம்.

கியூக்களுக்கு நடுவே வரிசையை நம்புவது

வரிசை என்பதே ஒரு கியூவுக்குள் மட்டும்தான். ஆர்டருக்கு முன்பே அதன் ரத்து வந்து நிற்கும். முன்பெல்லாம் ‘அப்படி ஓர் ஆர்டரே இல்லை’ என்று ரத்தைத் தூக்கியெறிந்துவிடுவேன். அப்புறம் வந்த ஆர்டர் சமர்த்தாக அனுப்பிவைக்கப்படும். இப்போது ரத்தான எண்ணை ஒரு டேபிளில் குறித்து வைத்துவிட்டு, ஆர்டர் வரும்போது முதலில் அங்கே பார்க்கிறேன்.