கிட்ஹப் ரிலீஸ் வெப்ஹுக்: சறுக்கும் இடங்கள்

புரோகிராம் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புது வெர்ஷன் வந்ததும் நம் சர்வரில் அது தானாக ஏறிவிட வேண்டும். அதற்கு வெப்ஹுக் (ஒரு நிகழ்வு நடந்ததும் கிட்ஹப் நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் அழைப்பு) வைப்பவர்களில் பலர், 'ரிலீஸ்' நிகழ்வைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். டிராஃப்ட் இல்லாமல் நேரடியாக ஒரு ரிலீஸை வெளியிட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு மூன்று அழைப்புகள் வந்து நிற்கும்: அழைப்போடு வரும் தரவான பேலோடின் 'ஆக்‌ஷன்' புலத்தில் ஒன்றில் கிரியேட்டட், ஒன்றில் பப்ளிஷ்டு, இன்னொன்றில் ரிலீஸ்டு. அதைப் பார்க்காத ஸ்கிரிப்ட் ஒரே வெர்ஷனை மூன்று முறை டெப்ளாய் செய்யும், அதாவது சர்வரில் ஏற்றும். சரி, பப்ளிஷ்டு மட்டும் போதும் என்று வைத்தால் பீட்டாவும் கூடவே புரொடக்‌ஷனுக்குப் போய்விடும், ஏனென்றால் பீட்டா போன்ற ப்ரீரிலீஸுக்கும் அதே ஆக்‌ஷன்தான். நிலையான வெர்ஷன் மட்டும் வேண்டுமென்றால் ரிலீஸ்டைப் பிடியுங்கள்.

அடுத்தது நேரம். 10 விநாடிக்குள் பதில் வராவிட்டால் கிட்ஹப் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த அழைப்புக்குள்ளேயே பில்டு, டெஸ்ட், ரீஸ்டார்ட் எல்லாம் செய்ய நினைத்தால் எப்படி முடியும்? கூரியரை வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டும், பெட்டியை அப்புறம் பிரிக்கலாம். வேலையை வரிசையில் போட்டுவிட்டு 202 ('வாங்கிக்கொண்டேன்' என்பதற்கான குறியீடு) என்று சொல்லிவிடுங்கள்.

அழைப்பு கிட்ஹப்பிலிருந்துதான் வந்தது என்று சரிபார்க்க உதவும் ரகசியச் சொல்லான சீக்ரெட்டை வைக்காமல் விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வைத்தவர்களும் ஒரு இடத்தில் மாட்டுவார்கள்: ஜேசான் வடிவில் வரும் பேலோடைப் பிரித்து, மறுபடி சரமாக்கி, அதற்குக் கையொப்பம் கணக்கிடுவது. ஒரு இடைவெளி மாறினாலும் கையொப்பமாக வரும் ஹாஷ் பொருந்தாது. வந்த பைட்டுகளை அப்படியே எடுத்துக் கணக்கிட வேண்டும்.

எனக்கு மிகவும் பயமூட்டுவது, வெர்ஷனைக் குறிக்கும் டேக் பெயரை நேரடியாக ஷெல் கட்டளைக்குள் ஒட்டுவது. கிட் (கிட்ஹப்புக்கு அடியில் இருக்கும் வெர்ஷன் கருவி) டேக் பெயரில் இடைவெளியை அனுமதிக்காது, ஆனால், $ ( ) எல்லாவற்றையும் அனுமதிக்கும்; ஷெல் அவற்றுக்குள் இருப்பதைக் கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும். மற்றவருடைய ரிப்பாசிட்டரியிலிருந்து வெர்ஷன் எடுப்பவர்கள், வி1.4.2 மாதிரியான வடிவத்தில் இல்லாத பெயரை அங்கேயே நிராகரிப்பது நல்லது.

தோல்வியடைந்த அழைப்பை கிட்ஹப் தானாகத் திரும்ப அனுப்பாது. 3 நாட்களுக்குள் நாம்தான் ரீடெலிவர் (மறுபடி அனுப்பு) கொடுக்க வேண்டும். அப்போதும் அழைப்பின் அடையாளமான டெலிவரி ஐடி பழையதாகவே இருக்கும். அதனால், இரட்டிப்பைத் தவிர்க்க ஐடியைக் குறித்துவைப்பவர்கள், அழைப்பு வந்தவுடனேயே 'முடிந்தது' என்று குறிக்கக் கூடாது. டெப்ளாய் பாதியில் நின்றிருந்தால், மறுபடி அனுப்பியதையும் நம் ஸ்கிரிப்ட் பார்த்ததுதானே என்று தள்ளிவிடும்; கிட்ஹப் பக்கமோ பச்சை டிக் காட்டும்.