வேறு பைக்கின் பின் வீலைப் போடுகிறீர்களா?

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலைந்தால் பிடித்த வீல் கிடைத்துவிடும். அதைப் பொருத்துவதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் பெயரிங். வீலில் இருப்பது 6202 இலக்கப் பெயரிங் என்றால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35. உங்கள் அக்ஸில் (வீலைத் தாங்கும் தண்டு) 17 மி.மீ. என்றால் ஹப்பை, அதாவது வீலின் நடுப்பகுதியை, குடையாதீர்கள். 6003 பெயரிங் வாங்குங்கள்: உள்ளே 17, வெளியே அதே 35. அகலம் 11க்குப் பதில் 10 என்பதால், ஒவ்வொரு பக்கமும் வெளி ஸ்பேசரில் (இடைவெளியை நிரப்பும் வளையம்) 1 மி.மீ. கூட்ட வேண்டும். பாரம் தாங்கும் திறன் சற்றுக் குறைவு, அதனால் பெரிய எஞ்சினுக்கு இது வேண்டாம்.

இரண்டு பெயரிங்குக்கும் நடுவே உள்ள குழாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் நான் ஒருமுறை நட்டை இறுக்கினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை போவதற்குள் ஹப் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, கரகரவென்று சத்தம் வந்துவிட்டது.

அப்புறம் செயின். 428 இலக்கச் செயினின் பிட்ச் (அடுத்தடுத்த பின்களுக்கு இடையிலான தூரம்) 12.7 மி.மீ., 520க்கும் 530க்கும் 15.875, இந்த இரண்டிலும் அகலம்தான் வேறு. முன் பின் ஸ்புரொக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்), செயின் மூன்றும் ஒரே இலக்கமாக இருக்கட்டும்.

டயரை நடுவில் நிறுத்திய பிறகு, பின் ஸ்புரொக்கெட்டின் முகத்தோடு நேரான அலுமினியப் பட்டை ஒன்றை வைத்து முன் ஸ்புரொக்கெட்வரை நீட்டிப் பாருங்கள். விலகல் இருந்தால் லேத்தில் சரியான தடிப்பில் ஸ்பேசர் கடைந்து வாங்குங்கள். வாஷர்களை அடுக்கிச் சமாளிக்க வேண்டாம்.